சாலையில் இருப்பவரை அழைக்கலாமா?

தொலைபேசி வீட்டின் ஒரு மூலையில், முக்காலியின் மேல், பூவேலை செய்த துணி போர்த்து வீற்றிருந்த காலம் ஒன்று உண்டு. அதன் மணி ஒலித்தால், எடுத்தவர் கேட்கும் முதற்கேள்வி, “யார் பேசுவது?” என்பதே. கருவி எந்த வீட்டில் இருக்கிறது என்பது அழைத்தவருக்குத் தெரியும். பேசுபவர் யார் என்பதுதான் தெரியாது. இன்றோ நிலைமை தலைகீழாகிவிட்டது. அழைப்பவர் யார் என்பதைக் கைப்பேசியின் முகமே காட்டிவிடுகிறது. ஆகவே, நம் முதற்கேள்வியும் மாறிவிட்டது: “எங்கே இருக்கிறாய்?”

நம் நாட்டில் முதல் கைப்பேசி உரையாடல் 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து பேச, மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராம் டில்லியில் கேட்டார். அந்நாளில் அது செய்தித்தாளில் இடம்பெறத் தக்க அதிசயம். இந்நாளில் காய்கறிக் கடைக்குப் போகிறவரின் சட்டைப்பையிலும் அது கிடக்கிறது. எவரையும் எங்கும் அழைக்கலாம் என்றான பின், “எங்கே இருக்கிறாய்?” என்னும் கேள்விக்கு நாம் அடிக்கடி கேட்கும் விடை ஒன்று உண்டு: “வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன்.”

அவ்விடையைக் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? “சரி, ஒரு நிமிடந்தான்” என்று சொல்லிப் பேச்சைத் தொடர்கிறோம். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் வாசகர்களோடு சற்று உரையாட விரும்புகிறோம்.

நாங்கள் இருவரும் பள்ளி ஆசிரியர்களாய் இருந்து ஓய்வு பெற்றவர்கள். பாளையங்கோட்டையில் வாழ்கிறோம். எங்கள் மகன் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் தூத்துக்குடிச் சாலையில் வேலைக்குச் சென்று திரும்புகிறான். நான்குவழிச் சாலை. கொள்கலன் லாரிகள் இரவும் பகலும் ஓடும் தடம். பிள்ளையைச் சாலைக்கு அனுப்பிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் எங்களைப்போல் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

எங்கள் தெருவில் ஓர் இளம் மின்பணியாளர் இருந்தார். கட்டடங்களுக்குக் கம்பி இழுப்பவர். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலையில் வேலை முடிந்து வீடு திரும்புகையில், சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோதி இறந்துபோனார். லாரியின் பின்விளக்குகள் எரியவில்லை என்றார்கள். அவருடைய கைப்பேசி தலைக்கவசத்துக்குள், காதோரம் செருகப்பட்டிருந்தது. மறுமுனையில் பேசிக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. பால் வாங்கி வரச் சொல்வதற்காக அழைத்திருந்தார்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் சென்றபின், அந்தப் பெண் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “டீச்சரம்மா, அந்நேரம் நான் கூப்பிடாமல் இருந்திருந்தால், அவர் வீடு வந்து சேர்ந்திருப்பாரா?”

“அப்படியெல்லாம் நினைக்காதே, எல்லாம் விதி” என்று சொல்லி அனுப்புவது எளிது. தெருவார் அதைத்தான் சொன்னார்கள். ஆனால், கேட்டவரின் கண்கள் ஆறுதலைத் தேடவில்லை, உண்மையைத் தேடின. நாங்கள் நெடுநேரம் சிந்தித்துச் சொன்ன மறுமொழி இதுவே: “நீ அழைத்தது அன்பினால். அவர் எடுத்தது பழக்கத்தினால். அந்த லாரி இருட்டில் நின்றது வேறொருவரின் அலட்சியத்தினால். இம்மூன்றில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, இதுதான் கொன்றது என்று தீர்ப்புச் சொல்ல எவராலும் இயலாது. அந்தச் சுமை முழுவதையும் நீ ஒருத்தியே தூக்காதே, அம்மா.” அவர் தலையசைத்துவிட்டு எழுந்து சென்றார். இன்று ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துத் தம் மகளைப் படிக்க வைக்கிறார்.

அவருக்குச் சொன்ன மறுமொழி அவரளவில் சரியே. எனினும், எங்களளவில் அது போதவில்லை. அன்பினால் செய்யும் காரியம் ஆபத்தாக முடியலாம் என்றால், அன்புக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் அன்றோ? ஆகவே, இப்பொருள் பற்றி அறிந்தவர்கள் ஆராய்ந்து கண்டவற்றைத் தேடிப் படித்தோம். அவற்றுள் இன்றியமையாத சிலவற்றை இங்கே தருகிறோம்.

வாகனம் ஓட்டுகிறவனின் கவனம் மூன்று வகையில் சிதறுகிறது என்பர். கண் சாலையை விட்டு விலகுவது ஒன்று. கை கைப்பிடியை விட்டு விலகுவது மற்றொன்று. மனம் ஓட்டுதலை விட்டு விலகுவது மூன்றாவது. கைப்பேசி இம்மூன்றையும் ஒருசேரச் செய்ய வல்லது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது. அழைப்பது யார் என்று பார்க்க மூன்று விநாடிகள் கண்ணைத் தாழ்த்தினால், 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகும். நம் வீட்டுக் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பத்தடி நடக்க அஞ்சுகிறோம். சாலையில் 50 மீட்டர் ஓட எப்படித் துணிகிறோம்?

1997-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் ரெடல்மையர், டிப்ஷிரானி என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கைப்பேசி வைத்திருந்து, விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்புக் கணக்குகளை அவர்கள் ஆராய்ந்தனர். பேசாத நேரத்தைவிடக் கைப்பேசியைப் பயன்படுத்தும் நேரத்தில் மோதலின் வாய்ப்பு நான்கு மடங்குக்குச் சற்று அதிகம் என்று கண்டனர். உலக சுகாதார நிறுவனமும் இன்று ஏறத்தாழ நான்கு மடங்கு என்றே கூறுகிறது.

அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி மிக முக்கியமானது. கருவியைக் கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு கூடிவிடவில்லை. “நான் காதில் மாட்டிக்கொண்டுதானே பேசுகிறேன், கை இரண்டும் கைப்பிடியில்தானே இருக்கின்றன” என்று வாதிடுகிற இளைஞர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். கை விடுதலை பெற்றாலும் மனம் விடுதலை பெறவில்லை. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குரலால் கட்டளையிட்டுக் கருவியை இயக்கியவர்களுக்கு, அவ்வேலை முடிந்த பின்னும் 27 விநாடிகள் வரை கவனச் சிதறல் நீடிக்கக் கூடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 27 விநாடி என்பது 450 மீட்டர். பேச்சு முடிந்துவிட்டது என்று நாம் எண்ணுகிற வேளையிலும், மனம் இன்னும் பேச்சிலேயே இருக்கிறது.

“அப்படியானால் பின்னால் அமர்ந்திருப்பவருடன் பேசுவது மட்டும் தவறில்லையா?” என்று எங்கள் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. இதனையும் ஆய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அருகில் அமர்ந்தவருடன் பேசியபடி ஓட்டியவர்கள், திரும்ப வேண்டிய இடத்தில் பெரும்பாலும் சரியாகத் திரும்பினர். கைப்பேசியில் பேசியவர்களோ அவ்விடத்தைத் தவறவிட்டது அதிகம். காரணம் என்ன? அருகில் இருப்பவர் சாலையைத் தாமும் பார்க்கிறார். நெரிசல் வந்தால் பேச்சை நிறுத்துகிறார். “அதோ, மாடு வருகிறது” என்று எச்சரிக்கிறார். தொலைவில் இருப்பவர்க்கு மாடும் தெரியாது, லாரியும் தெரியாது. அவர் அடுப்படியில் நின்றபடி, விடை வர ஒரு கணம் தாமதித்தால், “என்ன, காதில் விழுகிறதா?” என்று மேலும் வற்புறுத்துகிறார். ஓட்டுபவரோ அவருக்கு மறுமொழி சொல்லும் கடமைக்கு ஆட்பட்டு, சாலைக்குச் செலுத்த வேண்டிய கவனத்தைக் கொடுத்துவிடுகிறார்.

இங்கேதான் எங்கள் சிந்தனை ஒரு திருப்பம் பெற்றது. இதுநாள்வரை ஓட்டுபவருக்கே அறிவுரை கூறி வந்தோம். ஆனால், ஓர் உரையாடலுக்கு இருவர் வேண்டும். ஒருவர் வண்டியில் இருக்கிறார். மற்றவர் வீட்டிலோ அலுவலகத்திலோ பத்திரமாய் அமர்ந்திருக்கிறார். இருவருள் பேச்சை நிறுத்துவது யாருக்கு எளிது? பத்திரமாய் இருப்பவருக்கே எளிது.

சட்டம் ஓட்டுபவரைத்தான் தண்டிக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019-இல் திருத்தப்பட்டு, கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்தியபடி வாகனம் ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலின் கீழ் சேர்த்தது. முதல் முறை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் செய்தால், இரண்டாண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ வரும். வழி காட்டுவதற்கு மட்டும், கவனத்தைச் சிதறடிக்காத வகையில், கருவியைப் பயன்படுத்தலாம் என 2020-இல் விதி திருத்தப்பட்டது. ஆனால், ஓட்டிக்கொண்டிருப்பவர் என்று அறிந்தும் தொடர்ந்து பேசியவருக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. சட்டம் நிற்கும் இடத்திற்கு அப்பால் மனச்சான்றின் எல்லை தொடங்குகிறது.

2007 ஜூனில் வத்திக்கான் சாலைப் பயணம் பற்றிய வழிகாட்டி ஏடு ஒன்றை வெளியிட்டது. ஓட்டுநர்களுக்கென்று பத்துக் கட்டளைகளையும் அதில் தொகுத்திருந்தார்கள். மறைக்கல்வியில் நாம் ஐந்தாவதாகப் படித்த கொலைத் தடை, அந்தப் பட்டியலில் முதலிடத்தில் நிற்கிறது. சாலையில் காட்டும் அசட்டையை வெறும் பழக்கக் குறை என்று கருதிவிட முடியாது. அது பிறர் உயிரைப் பற்றிய காரியம்.

எத்தனை உயிர்கள்? 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கே: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இவை யாவும் கைப்பேசியால் நேர்ந்தவை அல்ல. வேகம், குடி, குண்டும் குழியுமான சாலை, விளக்கில்லா வண்டி எனக் காரணங்கள் பல. ஆயினும், இவற்றுள் நாம் இன்றே, ஒரு காசு செலவின்றி, வீட்டில் அமர்ந்தபடியே நீக்கக் கூடிய காரணம் கைப்பேசி ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசியபோது, மகன் ஒரு தடை எழுப்பினான். “அப்பா, நீங்களும் அம்மாவும் கூப்பிடாமல் இருந்துவிடுவீர்கள். மேலாளர் கூப்பிட்டால் என்ன செய்வது? எடுக்காவிட்டால் திட்டு விழும்.” உண்மைதான். வாடகை வண்டி ஓட்டுபவர், உணவுப் பொட்டலம் கொண்டு தருபவர், சரக்கு வண்டி ஓட்டுபவர் ஆகியோருக்கு அழைப்பை எடுப்பது பிழைப்பின் பகுதியாகிவிட்டது. “எடுக்காதே” என்று அவர்களிடம் மட்டும் சொல்வது நீதியாகாது. அழைக்கிற முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “மேலாளரிடம் நீயே முன்கூட்டிப் பேசிவிடு” என்றோம். அவன் தயங்கினான். ஒரு வாரம் கழித்துப் பேசினான். காலை எட்டு முதல் ஒன்பதேகால் வரை தான் சாலையில் இருப்பதாகவும், அந்நேரத்துச் செய்திகளுக்கு வந்து சேர்ந்ததும் மறுமொழி தருவதாகவும் கூறினானாம். மேலாளர் கோபிக்கவில்லை. “எனக்கும் அதே பழக்கம் வேண்டும், தம்பி” என்றாராம். நாம் அஞ்சுகிற எல்லாக் கதவுகளும் பூட்டியிருப்பதில்லை.

அதன்பின் எங்கள் குடும்பத்தில் சில ஒழுங்குகளை ஏற்படுத்திக்கொண்டோம். பிறர்க்கும் பயன்படுமெனக் கருதி அவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, புறப்படுமுன் “கிளம்பினேன்” என்றும், சேர்ந்தபின் “வந்துவிட்டேன்” என்றும் ஒரு சொல் செய்தி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் சாலைக்கு உரியது. அதில் எவரும் அழைப்பதில்லை.

இரண்டாவது, அறியாமல் அழைத்துவிட்டால், முதற்கேள்வி “வண்டியிலா?” என்பதே. ஆம் எனில், “நிறுத்திவிட்டுக் கூப்பிடு” என்று சொல்லி, அழைத்தவரே இணைப்பைத் துண்டிப்பது. பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

மூன்றாவது, எடுக்கவில்லையெனில் மீண்டும் மீண்டும் மணியடிப்பதில்லை. விடாது ஒலிக்கும் மணி, வீட்டில் ஏதோ துயரம் என்ற அச்சத்தை ஓட்டுபவர் நெஞ்சில் எழுப்பும். அந்த அச்சமே ஆபத்து.

நான்காவது, வண்டியில் ஏறுமுன் கைப்பேசி பைக்குள் போய்விட வேண்டும். தலைக்கவசத்துள் செருகுவது அறவே கூடாது. அது காதை அடைக்கிறது, கவசத்தின் பிடியையும் கெடுக்கிறது. இக்காலத்துக் கைப்பேசிகள் பலவற்றில், வாகனம் ஓட்டும் நேரத்தில் அழைப்புகளை அமைதியாக்கி, “ஓட்டிக்கொண்டிருக்கிறேன்” என்று தானே மறுமொழி அனுப்பும் வசதி இருக்கிறது. பிள்ளைகளைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் அமைத்துத் தருவார்கள்.

ஐந்தாவது, வழி பார்க்க வேண்டுமானால், புறப்படுமுன்பே குறித்துக்கொள்வது. காரில் செல்கையில் ஓட்டுபவரின் கைப்பேசி அருகில் இருப்பவரிடம் இருக்க வேண்டும். அழைப்பை எடுப்பதும், வழி சொல்வதும் அவர் பொறுப்பு.

ஆறாவது, பேசியே தீர வேண்டுமெனில், பெட்ரோல் பங்க், தேநீர்க் கடை போன்ற இடத்தில், சாலையை விட்டு நன்றாக உள்ளே ஒதுங்கி நிறுத்திப் பேசுவது. நான்குவழிச் சாலையின் விளிம்பில் நிற்பது, ஓர் ஆபத்தை விட்டு இன்னோர் ஆபத்தில் விழுவதாகும்.

ஏழாவது, வீட்டுக்குப் பொருள் கொண்டுவரும் இளைஞரை, “எங்கே வருகிறாய்?” என்று ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அழைப்பதில்லை. வீட்டு அடையாளத்தை முன்னதாகவே எழுதி அனுப்பிவிடுகிறோம். அவரும் ஒரு வீட்டின் பிள்ளைதான்.

இவ்வொழுங்குகள் எளியவை, ஆனால் இனியவை அல்ல. ஐப்பசி மாதத்து மழை இரவு ஒன்றில், மகன் வர வேண்டிய நேரத்தைக் கடந்து நாற்பது நிமிடங்கள் ஆயின. கைப்பேசி மேசை மேல் இருந்தது. ஒருவர் கை அதனருகே செல்லும்போதெல்லாம் மற்றவர் தலையசைத்துத் தடுத்தோம். அவன் ஓட்டிக்கொண்டிருந்தால் நம் அழைப்பு அவனுக்குத் தீங்கு. ஒதுங்கி நின்றிருந்தால் அவனே அழைப்பான். இவ்வாறு மனத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம். மனம் கேட்க வேண்டுமே! கடைசியில் கதவு திறந்தது. வல்லநாட்டுப் பக்கம் கடும் மழைக்கு ஒதுங்கி நின்றானாம். கைப்பேசி நனையாதிருக்கப் பையின் அடியில் சுற்றி வைத்திருந்ததால் செய்தி அனுப்ப இயலவில்லையாம். அன்று முதல் ஓர் உண்மை எங்களுக்கு விளங்கியது. எடுக்கப்படாத அழைப்பு கெட்ட செய்தி அல்ல. பெரும்பாலும் அது, பிள்ளை கவனமாய் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்னும் நல்ல செய்தியே. காத்திருத்தலும் அன்பின் ஒரு வடிவந்தான். அழைப்பதைவிட அது கடினமானது என்பது மட்டும் உண்மை.

கைப்பேசி பகைப்பொருள் அன்று என்பதையும் கூறிவிட வேண்டும். டொரான்டோ ஆய்வில், விபத்துக்குப் பின் நூற்றுக்கு 39 பேர் உதவிக்கு அழைக்கக் கைப்பேசியையே பயன்படுத்தினர். சாலையில் ஒருவர் விழுந்து கிடக்கக் கண்டால், நாமும் பாதுகாப்பாய் நிறுத்தி, தாமதமின்றி 108-ஐ அழைக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் உதவுபவரை வழக்கில் இழுப்பதிலிருந்து, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு காக்கிறது. விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையை, வரையறுத்த தொகைக்குள் கட்டணமின்றி அளிக்கும் “இன்னுயிர் காப்போம்” திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. உயிர் காக்கும் கருவியாக அதனை வைத்துக்கொள்வதும், உயிர் போக்கும் கருவியாக ஆக்கிக்கொள்வதும் நம் கையில்தான் உள்ளன.

நவம்பர் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, சாலை விபத்துகளில் மாண்டோரை உலகெங்கும் நினைவுகூரும் நாள். 2005-இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை அதனை ஏற்றது. மாண்டோரை நினைப்பது நன்று. இருப்போரைக் காப்பது அதனினும் நன்று. இன்றிரவு உணவு வேளையில், வீட்டிலுள்ள அனைவரும் கூடியிருக்கையில், ஒவ்வொருவரும் எந்நேரத்தில் சாலையில் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்து, ஒரு தாளில் எழுதிக் கைப்பேசிக்கு அருகில் ஒட்டி வையுங்கள். அந்நேரத்தில் அழைக்கத் தோன்றினால் அத்தாளைப் பாருங்கள். பால் வாங்கச் சொல்வதும், கல்யாணச் சேதி சொல்வதும், கோபத்தைக் கொட்டுவதும் அரை மணி நேரம் பொறுக்கும். சாலை பொறுக்காது.